நம்பிக்கைக்கும் ஒரு திகதி வேண்டும்

ஜனாதிபதி வேட்பாளர் ஒருவரை நம்பி வாக்களிப்பது இலங்கைத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1994இல் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவை நம்பினார்கள். 2010இல், போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், அந்தப் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கே வடக்கில் வாக்களிக்கப் போனவர்களில் பெரும்பாலானோர் வாக்களித்தார்கள். அதை நம்பிக்கை என்பதா, வேறு வழியில்லாமை என்பதா என்று இன்றுவரை யாரும் தீர்த்துச் சொல்லவில்லை. 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு மட்டக்களப்பில் 81 சதவீதமும் யாழ்ப்பாணத்தில் 74 சதவீதமும் கிடைத்தன. 2019இல் அதே அலை சஜித் பிரேமதாசவுக்கு அடித்தது, அவர் தோற்றார். இந்த வரிசையில் அநுர குமார திசாநாயக்க ஒரு விதத்தில் விலகி நிற்கிறார். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த தேர்தலில் யாழ்ப்பாணம் அவரை நம்பவில்லை. அங்கே அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 7 சதவீதம். வேட்பாளராக இருந்தபோது நம்பாதவர்கள், அவர் ஜனாதிபதியாகி எட்டு வாரம் கழிவதற்குள் நம்பினார்கள். நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை அவருடைய திசைகாட்டிச் சின்னம் எடுத்துக்கொண்டது.

தெற்கின் கணக்கு இன்னும் வியப்பானது. 2019இல் 3.16 சதவீதம் வாங்கியவர் 2024இல் முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம் வாங்கினார். பாராளுமன்றத்தில் மூன்று பேராக உட்கார்ந்திருந்த அவருடைய தேசிய மக்கள் சக்தி, 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. தம்புத்தேகமவில் ஒரு சிறிய அரசாங்க ஊழியரின் மகனாக வளர்ந்தவர், கொழும்பின் பெரிய குடும்பங்கள் எதனுடனும் உறவில்லாதவர், இந்த நாட்டின் அதிகாரக் கதிரையில் அமர்ந்திருக்கிறார். ரணசிங்க பிரேமதாசவையும் மைத்திரிபாலவையும் போல் இப்படிச் சொல்லத்தக்கவர்கள் அந்தக் கதிரையில் மிகச் சிலரே இருந்திருக்கிறார்கள். 2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ஷவை ஜனாதிபதி மாளிகையிலிருந்து விரட்டிய கோபம், இரண்டு வருடம் காத்திருந்து, வாக்குப் பெட்டி வழியாக வெளிவந்தது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

எனக்கு இந்த மாற்றத்தின் மீது நம்பிக்கை உண்டு. அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசுவதில் பயனில்லை. ஆனால் அந்த நம்பிக்கை எதன் மீது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அநுர நேர்மையானவர், எளிமையானவர், திருடமாட்டார் என்பவையெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அவற்றை வைத்து ஒரு நாட்டின் அரசியல் மாறியதாக இங்கே முன்னுதாரணம் கிடையாது. ஒரு வேட்பாளர் நம்பத்தகுந்தவரா என்பதற்கு இலங்கையில் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது: தன்னை அந்த உயரத்தில் ஏற்றிவைத்த அதிகாரத்தைத் தன் கையாலேயே குறைப்பாரா? நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று சொல்லித்தான் இங்கே பலர் அந்தப் பதவிக்கு வந்தார்கள். வந்த பிறகு என்ன நடந்தது என்ற வரலாற்றில்தான் அநுரவைப் பற்றிய நம்பிக்கைக்கும் சந்தேகத்துக்குமான ஆதாரம் கிடக்கிறது.

அந்த அதிகாரம் எப்படிப்பட்டது என்பதை அரசியலமைப்பின் உறுப்புரைகளை வாசித்துத் தெரிந்துகொள்வதைவிட மிருசுவிலை நினைத்தால் எளிதில் விளங்கும். 2000ஆம் ஆண்டு டிசம்பரில், இடம்பெயர்ந்த மக்கள் தங்கள் வீடு வளவுகளைப் பார்க்கத் திரும்பி வந்த இடத்தில், சிறுவர்கள் உட்பட எட்டுத் தமிழர்கள் இராணுவத்தினரால் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். தப்பி ஓடிய ஒருவர் சாட்சி சொன்னார். வழக்கு பதினைந்து வருடம் இழுபட்டு, 2015இல் ஓர் இராணுவச் சார்ஜன்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. போர்க்காலக் கொலை ஒன்றில் விசாரணை, தீர்ப்பு, மேன்முறையீடு என எல்லாப் படிகளையும் தாண்டி நிலைத்த தண்டனை இந்த நாட்டில் மிக அரிது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கில் நாடு அடைந்து கிடந்த நேரத்தில், கோட்டாபய ஒரு கையெழுத்துப் போட்டார்; அந்தச் சார்ஜன்ட் வீட்டுக்குப் போனார். பாராளுமன்றத்தைக் கேட்கவேண்டி இருக்கவில்லை. கொல்லப்பட்டவர்களின் உறவினரைக் கேட்கவேண்டியும் இருக்கவில்லை. கோட்டாபய கெட்டவர் என்பதால் நடந்தது என்று இதை ஒதுக்க முடியாது. அவருக்கு முன்னிருந்த மைத்திரிபால, பதவியின் கடைசி நாட்களில், ரோயல் பார்க் கொலை வழக்கின் குற்றவாளிக்கு இதே பேனாவால் மன்னிப்புக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

1978இல் ஜே.ஆர். ஜயவர்த்தன இந்த முறையைக் கொண்டுவந்தபோது அவரிடம் ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மை இருந்தது. அவர் தனக்கு ஏற்றபடி தைத்துக்கொண்ட சட்டையை அவருக்குப் பின் வந்த எல்லோரும் போட்டுப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று கழற்ற மறுத்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைத் தடுத்துவைக்கும் உத்தரவில் கையெழுத்திடுபவர் பாதுகாப்பு அமைச்சர். அந்த அமைச்சு வழக்கமாக ஜனாதிபதியின் கையில் இருக்கிறது, இன்றும் இருக்கிறது. மாகாண சபை முறை அதிகாரப் பகிர்வு என்று பேசப்படுகிறது. மாகாணத்தின் ஆளுநரை நியமிப்பவரும் நீக்குபவரும் ஜனாதிபதி. 2013இல் வடக்கு மக்கள் விக்னேஸ்வரனை முதலமைச்சர் ஆக்கினார்கள். அவருக்கு மேலே ஆளுநராக உட்கார்ந்திருந்தவர் ஓர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். தமிழர் பிரச்சினை வேறு, ஜனாதிபதி முறை வேறு என்று பிரித்துப் பேசுபவர்கள் இந்த இரண்டையும் எங்கே பிரிப்பார்கள் என்று தெரியவில்லை.

வாக்குறுதிகளின் கதை 1994இல் தொடங்குகிறது. சந்திரிகா 62 சதவீத வாக்கோடு வென்றார். அதுவரை அந்தப் பதவிக்கு அவ்வளவு வாக்கு யாருக்கும் கிடைத்ததில்லை. 1995 ஜூலை 15ஆம் திகதிக்குள் நிறைவேற்று அதிகார முறை ஒழிக்கப்படும் என்று திகதி குறித்தே சொன்னார். புலிகளுடன் பேச்சுவார்த்தை நடந்த சில மாதங்களில் யாழ்ப்பாணத்தில் அவர் பெயரில் வளையல் விற்ற கதை இன்னும் பேசப்படுகிறது. ஏப்ரலில் திருகோணமலையில் கடற்படைப் படகுகளைப் புலிகள் தாக்க, போர் திரும்பியது. ஜூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். ஆறு நாள் கழித்து ஜூலை 15 வந்து போனது. அந்தத் திகதியைப் பற்றிக் கேட்பதற்கு யாருக்கும் நினைவில்லை. சந்திரிகாவுக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை ஒருபோதும் இருக்கவில்லை என்பது உண்மை. அவருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் இதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 2000 ஓகஸ்டில் அவர் கொண்டுவந்த அரசியலமைப்பு வரைபிலும், தன் பதவிக்காலம் முடியும்வரை அதிகாரம் தன்னிடமே இருக்கும்படி இடைக்கால ஏற்பாடு ஒன்றைச் செருகியிருந்தார். அந்த ஓட்டையைக் காட்டித்தான் எதிர்க்கட்சி முழு வரைபையும் சபைக்குள்ளேயே கொளுத்தியது.

மஹிந்த ராஜபக்ஷவும் 2005இல் இதே வாக்குறுதியோடு வந்தார். 2010இல் 18ஆவது திருத்தத்தின் மூலம் இரண்டு தடவைக்கு மேல் போட்டியிட முடியாது என்ற வரம்பையே நீக்கினார். அதற்கு எதிராகத் தெருவில் இறங்கியவர் ஒரு பௌத்த பிக்கு, மாதுலுவாவே சோபித தேரர். அவர் கட்டியெழுப்பிய இயக்கம்தான் 2015இல் மைத்திரிபாலவை வேட்பாளராக்கியது. அந்த வருடம் நவம்பரில் தேரர் காலமானார். இறுதிச் சடங்கில் அவருடைய பூதவுடலுக்கு முன் நின்று, நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழித்தே தீருவேன் என்று மைத்திரிபால உறுதி கூறினார். தேசமே பார்த்துக்கொண்டிருந்த சத்தியம் அது. பதவியை விட்டு இறங்கும்போதும் அந்த முறை இருந்தது.

இதை வைத்து, எல்லோரும் பொய்யர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். வரலாறு அவ்வளவு வெறுமையானதும் இல்லை. ஜனாதிபதியின் அதிகாரத்தைத் தொட்ட ஐந்து திருத்தங்களை அடுக்கிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. 2001இல் வந்த 17ஆவது திருத்தம் அதிகாரத்தைக் குறைத்தது; அரசியலமைப்புப் பேரவையும் சுயாதீன ஆணைக்குழுக்களும் அதில்தான் பிறந்தன. 2010இன் 18ஆவது அதைக் கூட்டியது. 2015இன் 19ஆவது குறைத்தது. 2020இன் 20ஆவது கூட்டியது. 2022இன் 21ஆவது ஓரளவு மீண்டும் குறைத்தது. குறைந்த மூன்று தடவையும் ஜனாதிபதி பலவீனமாக இருந்தார். 2001இல் சந்திரிகா பாராளுமன்றப் பெரும்பான்மையை இழந்து, ஜே.வி.பி.யின் ஆதரவில் தொங்கிக்கொண்டிருந்தார். 2015இல் மைத்திரிபாலவின் சொந்தக் கட்சியிலேயே பாதி மஹிந்தவிடம் இருந்தது. 2022இல் ரணில் விக்கிரமசிங்கவின் கட்சிக்குப் பாராளுமன்றத்தில் இருந்தது ஒரே ஓர் ஆசனம். அவரை மக்கள் தெரிவு செய்யவுமில்லை. கூட்டிய இரண்டு தடவையும் ஜனாதிபதிகள் போர் வெற்றியின் மீதும் மூன்றில் இரண்டின் மீதும் நின்றார்கள். அதாவது, மக்கள் ஒருவரை எவ்வளவு அதிகமாக நம்பி எவ்வளவு பெரிய ஆணை கொடுத்தார்களோ, அவ்வளவுக்கு அந்தப் பதவி கொழுத்தது. தயங்கித் தயங்கிக் கொடுத்தபோதுதான் இளைத்தது.

பெரிய வெற்றியைக் கண்டால் மகிழ்வதற்கு முன் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்று இந்த வரலாறு சொல்கிறது. 159 ஆசனம் என்ற எண் தெற்கில் பட்டாசு கொளுத்த வைத்தது. எனக்கு அது 1977ஐயும் 2010ஐயும் 2020ஐயும் நினைவூட்டியது. பலமான ஜனாதிபதி ஒருவர் தானாக அதிகாரத்தைக் குறைத்த உதாரணம் இலங்கையில் இன்னும் ஒன்றுகூட இல்லை. முதல் உதாரணமாக அநுர இருப்பார் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணம் வேண்டும்.

காரணம் இருக்கிறது. ஆனால் அவருடைய புன்னகையிலோ மேடைப் பேச்சிலோ அதைத் தேடிப் பயனில்லை. அவருடைய தாய்க்கட்சியான ஜே.வி.பி.யின் பழைய கோப்புகளில் தேட வேண்டும். 1994 ஜனாதிபதித் தேர்தலில் ஜே.வி.பி. சார்பில் நிறுத்தப்பட்ட நிஹால் கலப்பத்தி, நிறைவேற்று முறையை ஒழிப்பதாகச் சந்திரிகா கொடுத்த உறுதியை ஏற்றுப் போட்டியிலிருந்து விலகினார். 2001இல் 17ஆவது திருத்தத்தை அரசாங்கத்தை ஆதரிப்பதற்கான நிபந்தனையாக்கி வாங்கிக் கொடுத்தது, அப்போது பாராளுமன்றத்தில் பத்துப் பேராக இருந்த ஜே.வி.பி.; அந்தப் பத்துப் பேரில் அநுரவும் ஒருவர். 2018இல் ஆறே உறுப்பினர்களோடு இருந்தபோது, நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்கும் சட்டமூலம் ஒன்றை விஜித ஹேரத் பெயரில் சபையில் சமர்ப்பித்தார்கள். 2024 தேர்தல் விஞ்ஞாபனத்திலும் அது இருக்கிறது. முப்பது வருடம் ஒரே விடயத்தை ஒரே குரலில் சொல்லிவந்த வேறு கட்சி தெற்கில் இல்லை. பலமில்லாதபோது மற்றவர்களை வற்புறுத்தியவர்கள் இப்போது தாங்களே பலத்தோடு இருக்கிறார்கள். அன்று கேட்டதை இன்று கொடுப்பார்களா என்பதே கேள்வி.

மனிதரை நம்புவதற்கும் சட்டத்தை நம்புவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை 2018 ஒக்டோபர் 26 போல் காட்டிய நாள் வேறில்லை. அன்று மைத்திரிபால, பிரதமர் ரணிலை நீக்கிவிட்டு, எந்த மனிதரைத் தோற்கடிப்பதற்காக மக்கள் தன்னைத் தெரிவு செய்தார்களோ அதே மஹிந்தவைப் பிரதமராக்கினார். இரண்டு வாரத்தில் பாராளுமன்றத்தையும் கலைத்தார். நான்கரை வருடத்துக்கு முன் கலைக்க முடியாது என்று சொன்னது அவரே முன்னின்று கொண்டுவந்த 19ஆவது திருத்தம். டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, கலைத்தது செல்லாது என்றார்கள். சோபித தேரரின் பூதவுடலுக்கு முன் செய்த சத்தியம் அவரைத் தடுக்கவில்லை. 2015இல் சபையில் நிறைவேறிய பத்திகள் தடுத்தன. மைத்திரிபால மீது வைத்த நம்பிக்கை வீண் என்று சொல்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். அவர் பொய்த்தார். அந்த நம்பிக்கையின் முதல் நான்கு மாதத்தில் எழுதி வாங்கியது பொய்க்கவில்லை.

அநுரவின் முதல் ஆண்டை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். சில விடயங்களில் மனநிறைவு உண்டு. அமைச்சரவை 21 அமைச்சர்களோடு அமைந்தது. நூறு அமைச்சர், பிரதி அமைச்சர், இராஜாங்க அமைச்சர் என்று வீங்கிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விடயமல்ல. 2025 செப்டெம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் நிறைவேற, மறுநாளே மஹிந்த விஜேராமவிலிருந்த அரச இல்லத்தைக் காலி செய்தார். அந்தச் சட்டம் நாளைக்கு அநுரவையும் கட்டும். வடக்கில் நடந்தவை ஒரு கை கொடுத்து மறு கை இழுத்ததாகவே இருந்தன. 2025 ஏப்ரலில் வசாவிளான்–பலாலி வீதி முப்பது வருடத்துக்கு மேலான பூட்டுக்குப் பிறகு திறக்கப்பட்டது. திறந்த அன்று வாயிலில் ஒரு பலகையும் நின்றது: காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணிவரை மட்டும் அனுமதி, நடந்து போகக்கூடாது, இடையில் வாகனத்தை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. மக்களுக்குத் திறந்துவிட்ட வீதியில் மக்கள் நடக்கக்கூடாது என்பதை எழுதியவருக்கு அதில் முரண் ஏதும் தெரிந்திருக்காது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று வர்த்தமானி வந்தது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பிறகுதான் அரசாங்கம் பின்வாங்கியது. இடம்பெயர்ந்து உறுதியைத் தொலைத்தவரும், கனடாவிலும் லண்டனிலும் இருப்பவரும், வாரிசு எவரென்றே தீராதவரும் மூன்று மாதத்தில் எந்தக் கந்தோருக்கு ஓடுவார்கள் என்று கொழும்பில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மற்றவை நகரவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றார்கள். முதல் ஆண்டு முழுதும் அது பயன்பாட்டில் இருந்தது. ஒரு வருடத்துக்குள் மாகாண சபைத் தேர்தல் என்றார்கள். 2014க்குப் பிறகு நாட்டில் எங்கும் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை என்ற நிலை அப்படியே தொடர்ந்தது. நிறைவேற்று முறையை ஒழிக்கும் சட்டமூலமோ சபையை எட்டிப் பார்க்கவில்லை. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் திசைகாட்டி வாக்கு சறுக்கி, தமிழரசுக் கட்சி பழைய இடத்தைப் பெருமளவு மீட்டுக்கொண்டது. நம்பி வாக்களித்தவர்கள் ஆறு மாதத்தில் அனுப்பிய குறிப்பு அது.

அவசரம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அநுர அந்த அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்யவில்லை, நல்லவர் கையில் இருக்கும்வரை ஆபத்தில்லை என்பது அவர்கள் வாதம். நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய பதவிக்காலம் 2029இல் முடிகிறது. அதன்பின் வருபவர் எவர் என்று யாருக்கும் தெரியாது. 2015இல் மைத்திரிபாலவுக்கு வாக்களித்த எவரும் நாலேமுக்கால் வருடம் கழித்து கோட்டாபய வருவார் என்று எண்ணவில்லை. வந்தவர் ஒரு வருடத்துக்குள் 20ஆவது திருத்தத்தால் 19இன் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டார். 19ஆவது திருத்தம் பாதி வேலையாக நின்றதால்தான் அதைத் துடைக்க முடிந்தது. முதல் வரைபில் இருந்த கடுமையான பிரிவுகளுக்குச் சர்வஜன வாக்கெடுப்புத் தேவை என்று நீதிமன்றம் சொன்னதும் அன்றைய அரசாங்கம் வாக்கெடுப்புக்குப் போகப் பயந்து அவற்றைக் கைவிட்டது. பாதியில் விட்ட சீர்திருத்தத்துக்கு என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பொருளாதாரம் இன்னும் மூச்சுவிடும் நிலையில் இருக்க, சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் நடக்க, உறுதியான ஒரு கை வேண்டாமா என்பது அடுத்த வாதம். நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடையை 2019க்கும் 2022க்கும் இடையில் நாம் வாழ்ந்தே பார்த்தோம். உறுதியான கைதான் பதவிக்கு வந்த கையோடு பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டியது. அதே கைதான் 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தி, வயலையும் தேயிலையையும் பாழாக்கி, ஆறு மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றது. அமைச்சரவையில் வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. சொன்னாலும் கேட்கவேண்டிய கட்டாயம் ஜனாதிபதிக்கு இல்லை. நாடு வங்குரோத்தானது கைக்குப் பலம் போதாமல் அல்ல. அந்தக் கையைப் பிடித்து நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லாததால்.

தமிழ், முஸ்லிம், மலையகத் தலைவர்களிடமிருந்து வரும் எதிர்ப்பு இவற்றைவிடக் கனமானது. முதல் எண்ணிக்கையிலேயே ஜனாதிபதியாக வர நாடு முழுவதிலும் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். சிங்கள வாக்கு இரண்டாகப் பிரியும்போது எங்கள் வாக்கே தீர்மானிக்கும். அந்தப் பேரம்பேசும் பலத்தை ஏன் விட வேண்டும் என்கிறார்கள். 2015இல் அப்படி நடந்தது உண்மை. 2005இல் மறுபுறமாக நடந்ததும் உண்மை: வடக்கு வாக்களிக்காததால் 1,80,000 சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் மஹிந்த வந்தார். ஆனால் 2019ஐப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ பதினாறு சதவீதமே சஜித்துக்கு எதிராக விழுந்தது. கோட்டாபய 52 சதவீதத்தோடு வென்றார். எங்கள் வாக்கு எண்ணப்படாமலேயே ஒரு ஜனாதிபதி வரமுடியும் என்று அன்று தெற்கு எழுதிக்கொடுத்தது. 2024இலும் வடக்கு கிழக்கின் வாக்கு சஜித்துக்கும் ரணிலுக்கும் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்குமாகச் சிதற, எவருடைய தயவுமின்றி அநுர வந்தார். பேரம் பேசும் பலம் என்று நாங்கள் பிடித்துக்கொண்டிருப்பது பத்து வருடத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் வாய்ப்பு. அப்படிக் கிடைத்த 2015இலும் பேரம் பேசிப் பெற்றது என்ன என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். மாறாக, அதிகாரம் பாராளுமன்றத்துக்குப் போனால் ஒவ்வொரு ஆசனத்துக்கும் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் பெறுமதி உண்டு.

கடைசி எதிர்ப்பு என் பக்கத்து மனிதர்களிடமிருந்தே வருகிறது. 1987 இந்திய-இலங்கை உடன்படிக்கையை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்கள், 2006இல் உயர் நீதிமன்றம் சென்று இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரித்தவர்கள், இவர்களிடமா நம்பிக்கை என்று கேட்கிறார்கள். இந்தக் கோபத்துக்கு நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை. 2006 வழக்குக்கு அந்தக் கட்சி இன்றுவரை பொறுப்பான ஒரு விளக்கம் தரவில்லை. யாழ்ப்பாணத்தில் மூன்று ஆசனம் கிடைத்ததை வைத்துத் தமிழர்கள் தங்கள் அரசியல் கோரிக்கையைக் கைவிட்டார்கள் என்று கொழும்பில் சிலர் எழுதியதும் பிழை. அங்கே திசைகாட்டிக்கு விழுந்தது நான்கில் ஒரு பங்கு; மீதி வாக்குகள் பல துண்டுகளாகச் சிதறியதால் கிடைத்த ஆசனங்கள் அவை. இத்தனையும் ஏற்றுக்கொண்ட பிறகும், நிறைவேற்று முறை ஒழிவதில் தமிழருக்கு உள்ள நன்மை ஜே.வி.பி.யின் பழைய கணக்கைப் பொறுத்ததல்ல. ஒருவரை நம்புவது அவருக்கு விசுவாசமாக இருப்பது என்று அர்த்தமில்லை. அவர் ஒப்புக்கொண்ட ஒன்றை அவரிடமே கேட்டு வாங்கும் உரிமை அது, அவ்வளவுதான்.

வேலை கடினமானது என்பதில் சந்தேகமில்லை. ஜனாதிபதி முறையை முழுதாக ஒழிக்க மூன்றில் இரண்டு மட்டும் போதாது, சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். அதில் தோற்றால் அரசாங்கமே ஆட்டம் காணும் என்ற அச்சம் ஆளுங்கட்சியில் இருப்பது இயல்பு. அதனால்தான் காலம் முக்கியம். ஓர் அரசாங்கத்தின் செல்வாக்கு முதல் இரண்டு வருடத்தில் இருப்பதுபோல் நான்காவது வருடத்தில் இருக்காது. 1994இலும் 2015இலும் அதைப் பார்த்தோம். 2028இல் வாக்கெடுப்புக்குப் போனால் மக்கள் ஜனாதிபதி முறையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள், அரிசி விலையைப் பற்றித்தான் சொல்வார்கள்.

புதிதாக வரைவுக் குழு போட்டு, ஆலோசனை கேட்டு, நாட்டைச் சுற்றி அமர்வு நடத்தித்தான் தொடங்க வேண்டும் என்பதுமில்லை. 2018இல் விஜித ஹேரத் சமர்ப்பித்த சட்டமூலம் பாராளுமன்றப் பதிவேட்டில் இருக்கிறது. அதன் எந்தப் பிரிவுகளுக்கு வாக்கெடுப்புத் தேவை என்று உயர் நீதிமன்றம் ஏற்கெனவே ஆராய்ந்தும் இருக்கிறது. அன்று ஆறு பேர் எழுதியதை இன்று 159 பேர் மேசையில் வைக்க வேண்டும். அதற்கு ஒரு திகதி சொல்லுங்கள் என்று முதலில் கேட்கவேண்டியவர்கள் எதிர்க்கட்சியினர் அல்ல. திசைகாட்டியில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் வென்று, ஆளும் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தமிழ் உறுப்பினர்கள். அவர்கள் கேட்காவிட்டால், அவர்களுக்கு வாக்களித்தவர்கள் அவர்களைக் கேட்க வேண்டும்.